ஆளைத் துரத்துவதா, இடத்தைக் காப்பதா?

ஊட்டி, குன்னூர் மைதானங்களில் ஃபுட்பால் ஆடும் தம்பி, தங்கைகளே... எதிரணி சென்டர் ஃபார்வர்ட் திடீரென நடுக்களத்துக்கு இறங்கினால் உங்கள் டிஃபெண்டர் என்ன செய்வார்?

1953, நவம்பர் 25. லண்டன் வெம்ப்ளியில் இங்கிலாந்தை இந்தக் கேள்விதான் கவிழ்த்தது. ஹங்கேரியின் ஹிடேகுட்டி பின்னால் இறங்கி ஆடினார். ஹாரி ஜான்ஸ்டன் துரத்திப் போனால் பின்பக்கம் ஓட்டை. போகாவிட்டால் ஹிடேகுட்டிக்குத் தாராள இடம். அவர் அடித்தது 3 கோல். இங்கிலாந்து தோற்றது 6-3. அடுத்த மே மாதம் புடாபெஸ்ட்டில் 7-1!

தீர்வு? இறங்குபவரைக் குரல் கொடுத்து மிட்ஃபீல்டரிடம் ஒப்படையுங்கள். டிஃபெண்டர் தன் இடத்தைக் காக்கட்டும்.

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் லாங் பாஸ் கூடுதல் தூரம் பறக்கும். கடைசி டிஃபெண்டர் சற்றுப் பின்தள்ளியே நிற்கலாம்.

இந்த ஞாயிறு மேட்ச்சில் முயன்று பாருங்களேன்!