கருவி வந்தது, பாடம் வந்ததா?

மொழி கற்பிக்கும் சாதனங்களை வாங்குவது சுலபம். வகுப்பறை அவற்றை ஏற்பதுதான் கடினம்.

பள்ளிக்கு வரும் ஒவ்வொரு கருவியிலும் மூன்று தரப்பினர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். வாங்குவது நிர்வாகம். இயக்குவது ஆசிரியர். கற்க வேண்டியது குழந்தை. முதல் தரப்பின் உற்சாகம் மற்ற இருவரையும் தொற்றிக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

புதிய சாதனத்தை மனிதர்கள் ஏன் ஏற்கிறார்கள், ஏன் ஒதுக்குகிறார்கள்? அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989இல் இதை இரண்டு கேள்விகளாகச் சுருக்கினார். இது என் வேலைக்கு உதவுமா? கையாள எளிதா? கம்ப்யூட்டர் பயன்படுத்திய 152 பேரை ஆராய்ந்தபோது, எளிமையைவிடப் பயனுக்கே அதிக எடை இருந்தது. 'தொழில்நுட்ப ஏற்பு மாதிரி' என்ற பெயரில் இந்த அளவுகோல் பின்னர் மொழி வகுப்புகளுக்குள்ளும் நுழைந்தது. ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் வினாத்தாள் கொடுத்து, பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

ஆனால் பிடிப்பது வேறு, கற்பது வேறு. கற்றலையே அளந்த இரண்டு இந்திய ஆய்வுகள் இதை உணர்த்துகின்றன.

மகாராஷ்டிரத்தில் 'பிரதம்' அமைப்பின் ஆங்கிலத் திட்டத்தில் 'பிக்டாக்' என்ற சிறு கருவி தரப்பட்டது. படத்தைத் தொட்டால் ஆங்கிலச் சொல்லை உச்சரிக்கும். கூடவே ஆசிரியர் நடத்தும் பயிற்சிகளும் சோதிக்கப்பட்டன. மதிப்பெண்கள் உயர்ந்தன. ஆனால் கருவியோடு தனித்து விடப்பட்டபோது அதிகப் பலன் பெற்றவர்கள் ஏற்கனவே நன்றாகப் படிப்பவர்கள். பின்தங்கியவர்களைத் தூக்கிவிட ஆசிரியர் தேவைப்பட்டார்.

தில்லியில் 2015இல் அரசுப் பள்ளி மாணவர்கள் 619 பேரிடம் 'மைண்ட்ஸ்பார்க்' மென்பொருள் சோதிக்கப்பட்டது. குலுக்கலில் தேர்வானவர்களுக்குப் பள்ளி முடிந்தபின் மையத்தில் 90 நிமிடம் இலவசப் பாடம்: பாதி நேரம் கம்ப்யூட்டர், பாதி நேரம் சிறு குழுவாக உதவி ஆசிரியரிடம். மாணவர் எந்த வகுப்பில் இருக்கிறார் என்பதை மென்பொருள் பொருட்படுத்தாது. அவருக்கு உண்மையில் எது தெரியும் என்பதிலிருந்தே தொடங்கும். சுமார் நான்கரை மாதங்களில் கணிதம், ஹிந்தி இரண்டிலும் தெளிவான முன்னேற்றம். பின்தங்கியவர்களும் மற்றவர்களுக்கு ஈடாக முன்னேறினர். எனினும் இலவசமாகக் கிடைத்த இந்தப் பாடத்துக்குச் சராசரி வருகை 58 சதவீதமே.

வாய்ப்புக் கொடுத்தாலே எல்லோரும் வந்துவிடுவதில்லை என்பதற்கு இந்த எண்ணே சாட்சி. பட்ஜெட்டில் கருவிக்கு ஒதுக்கும் தொகை கண்ணுக்குத் தெரிகிறது. ஆசிரியரின் பயிற்சிக்கும், அவர் மாணவரோடு செலவிடும் நேரத்துக்கும் ஒதுக்க வேண்டியது எளிதில் மறக்கப்படுகிறது. அப்படி மறந்தால் இழப்பு நிர்வாகத்துக்கு அல்ல, எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் கடைசி வரிசைக் குழந்தைக்கு.