குறைந்த மார்க் வாங்கினால் கப்!

நூற்றுக்கு நூறு வாங்கின பையனின் போட்டோவைப் பேப்பரில் போட்டு, பக்கத்தில் அப்பா அம்மா லட்டு ஊட்டுகிற ஊர் நம்முடையது. அதனால் இந்த விஷயத்தை முதல் தடவை கேட்டபோது எனக்கு லேசாகத் தலை சுற்றியது. அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருஷா வருஷம் டீம் டீமாக மோதிக்கொள்ளும் 'சயன்ஸ் ஒலிம்பியாட்' போட்டியில், யார் குறைந்த பாயின்ட் வாங்குகிறார்களோ அவர்களுக்குத்தான் கப்!

கணக்கு இதுதான். ஒரு டீமில் அதிகபட்சம் 15 பேர். மொத்தம் 23 போட்டிகள். அவர்கள் பாஷையில் 'ஈவன்ட்'. ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் இரண்டு பேர் ஜோடியாக இறங்க வேண்டும். ஈவன்ட்டில் முதலாவது வந்தால் 1 பாயின்ட். இரண்டாவது என்றால் 2. பதினேழாவது என்றால் 17. எல்லாவற்றையும் கூட்டு. யார் கூட்டுத்தொகை குறைச்சலோ அவர்கள் ஜெயித்தார்கள்.

இதில் உள்ள விஷமம் உடனே புரியாது. 'எங்க டீம்ல ஒரு ராமானுஜன் இருக்கான் சார்!' என்று மார்தட்டிப் பிரயோஜனமில்லை. ராமானுஜன் நாலு ஈவன்ட்டில் முதலாவது வருவான். பாக்கி 19-ல் மற்றவர்கள் சொதப்பினால் டீம் அம்பேல். போட்டிக்கு ஆளே வராவிட்டால் இன்னும் மோசம். 20 டீம்கள் கலந்துகொண்டால் கடைசியாக வருகிறவனுக்கு 20 பாயின்ட். வராதவனுக்கு 21. விதியை மீறி வெளியேற்றப்பட்டவனுக்கு 22. ஆக, ஒன்றுமே தெரியாமல் போய் உட்கார்ந்து எழுந்து வந்தாலே ஒரு பாயின்ட் லாபம். (இந்தத் தத்துவத்தில் 30 வருஷம் சர்வீஸ் போட்டு ரிடையர் ஆனவர்களை எனக்குத் தெரியும்.) அந்த 21-ஐ மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

நம் ஊரில் ஒலிம்பியாட் என்றால் தனி ஆள் சமாசாரம். சர்வதேச பிசிக்ஸ் ஒலிம்பியாடுக்கு இந்தியாவிலிருந்து ஐந்து பேர் சேர்ந்து போனாலும், பரீட்சை அவரவர் எழுதுவது, மெடல் அவரவர் கழுத்துக்கு. இது வேறு ஜாதி. 1985-ல் மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டியில் முதல் தேசியப் போட்டி நடந்தது. வட்டாரம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாக ஏற வேண்டும்.

நான் பார்த்தது 2015-ல். நியூ ஜெர்ஸியில் அக்கா வீடு. அக்கா பெண்ணுக்குப் பதினைந்து வயசு. வட்டாரப் போட்டிக்குப் பத்து நாள்தான் இருந்தது. முட்டை வாசனையே ஆகாத வீட்டில், கராஜில் மூன்று டஜன் முட்டை!

"உள்ளே மட்டும் கொண்டு வராதே" என்று அக்கா கண்டிஷன் போட்டிருந்தாள்.

முட்டை எதற்கு என்றால், 'ஸ்கிராம்ப்ளர்' என்கிற ஈவன்ட்டுக்கு. ஒரு குட்டி வண்டி. அதன் மூக்கில் ஒரு பச்சை முட்டை. வண்டிக்கு பேட்டரி, மோட்டார் ஒன்றும் கிடையாது. மேலேயிருந்து ஓர் எடைக்கல் விழும், அந்த வேகத்தில் ஓட வேண்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு மீட்டருக்குள் ஏதோ ஒரு தூரத்தில் சுவர் இருக்கும். அதற்கு எவ்வளவு பக்கத்தில் போய் நிற்கிறதோ அவ்வளவு நல்லது. முட்டினால் ஆம்லெட். சுவர் சரியாக எத்தனை மீட்டரில் என்பதை, எல்லாரும் வண்டியை ஒப்படைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் சொல்வார்கள்.

பிரேக்கில்தான் சூட்சுமம். சக்கரத்தின் அச்சுக்கு மரை போட்ட கம்பி. அதில் ஒரு விங் நட். அச்சு சுற்றச் சுற்ற நட் நகர்ந்துகொண்டே போய், கடைசியில் முட்டி இறுகிக்கொள்ளும். சக்கரம் நிற்கும். சக்கரத்தின் சுற்றளவு 30 சென்டிமீட்டர் என்றால் பத்து மீட்டருக்கு 33⅓ சுற்று. நட்டை அத்தனை சுற்று பின்னால் தள்ளி வைத்துவிட்டால் போதும். ஐந்து ரூபாய் சாமானில் இப்படி ஒரு மூளை!

இவளுக்கு ஜோடி, சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பையன். அதிகம் பேச மாட்டான். ஓட்டுவான், அளப்பான், நோட்டில் எழுதுவான், உடைந்த முட்டையைத் துடைப்பான். கராஜ் சிமென்ட் தரையில் வண்டி சுவருக்கு நாலு விரற்கடையில் நின்றது. ஒரு தடவை அல்ல, ஒன்பது தடவை.

இன்னொரு ஈவன்ட் 'எழுது, செய்'. என்னைக் கேட்டால் 23-ல் இதுதான் ராஜா. ஸ்ட்ரா, ஐஸ் குச்சி, களிமண், குண்டூசி என்று எதையெதையோ ஒட்டி ஓர் உருவத்தை மேஜையில் வைத்திருப்பார்கள். ஜோடியில் ஒருத்தி அதைப் பார்த்து 25 நிமிஷம் வர்ணித்து எழுத வேண்டும். படம் போடக் கூடாது. இன்னொரு அறையில் இருக்கும் சிநேகிதி அந்தக் காகிதத்தை மட்டும் படித்து, 20 நிமிஷத்தில் அதே உருவத்தைச் செய்ய வேண்டும். அசலைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது.

வீட்டில் ஒத்திகை நடந்தது. எங்கள் அத்திம்பேர், கீழே நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிற சாஃப்ட்வேர் மேனேஜர், "நான் எழுதறேன், நீ பண்ணு" என்று உட்கார்ந்தார். காகிதத்தில் மூன்றாவது வரி: 'சின்னக் குச்சியை மேற்படி இடத்தில் முறையாகப் பொருத்தவும்.'

"எந்தச் சின்னக் குச்சி? மேற்படின்னா எங்கே? முறையான்னா எப்படிப்பா?"

அத்திம்பேர் யோசித்தார். "ஆபீஸ்ல இப்படி எழுதினா யாருமே திருப்பிக் கேட்கறதில்லையே..."

அவளும் சிநேகிதியும் இதற்கென்று ஒரு பாஷையே வைத்திருந்தார்கள். மேஜை ஒரு கடிகாரம். தன் பக்கம் 6 மணி. 'சிவப்பு ஸ்ட்ராவின் வளைந்த முனை 3 மணியைப் பார்க்க, களிமண்ணில் ஒரு அங்குல ஆழம்.' சந்தேகத்துக்கு இடமே இல்லை. நம் அரசாங்க சர்க்குலர்களை இவர்களிடம் கொடுத்து எழுதச் சொல்லலாம்.

போட்டியன்று காலை குளிர் எலும்பில் ஏறியது. போனவுடனே இடி. டீமில் இரட்டைப் பெண்கள் இருந்தார்கள். இரட்டையர் என்பதால் ஜுரமும் இரண்டு பேருக்கும் சேர்ந்தே வந்துவிட்டது. மீதி 13 பேர். கோச் அம்மாள் அட்டவணையை வைத்துக்கொண்டு அடித்துத் திருத்தினார். எப்படியோ எல்லாவற்றையும் அடைத்தாயிற்று, பூச்சியியலைத் தவிர. அந்த நேரத்தில் மற்ற எல்லாருக்கும் வேறு ஈவன்ட். சும்மா இருப்பது சோடாபுட்டி மட்டும்.

அதற்கு முன் முட்டை வண்டி ஓடியது. ஜிம் ஹாலின் தரை, பாலீஷ் போட்ட மரம். நட் இறுகியது, சக்கரம் நின்றது. ஆனால் வண்டி நிற்கவில்லை! நின்ற சக்கரத்தோடு வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில்... 'ப்ளக்.' இரண்டாவது ஓட்டத்தில் நட்டைக் குறைத்து வைத்தார்கள். ஒன்றரை மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. பதினாறாவது இடம். பையன் ஒன்றும் சொல்லாமல் தரையைத் துடைத்தான்.

கோச் அவனிடம் போய், "பூச்சி பரீட்சைக்கு நீ போறியா? சும்மா உட்கார்ந்துட்டு வந்தாலும் சரி" என்றார். மஞ்சள் கரு ஒட்டின கையோடு போனான்.

மத்தியானம் நான் பால ஈவன்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து கிராம் மரப்பாலத்தில் வாளியைக் கட்டி மணலைக் கொட்டுகிறார்கள், 15 கிலோ வரை. தாங்கின எடையைப் பாலத்தின் எடையால் வகுத்தால் மார்க். அதனால் பாலம் உடைந்தாலும் ஜெயிக்கலாம்: பத்து கிராம் பாலம் 15 கிலோவையும் தாங்கினால் 1500, எட்டு கிராம் பாலம் 12.8 கிலோவில் 'படார்' என்று போனாலும் 1600!

அங்கே சோடாபுட்டி வந்து நின்றான். "எப்படி எழுதினே?" என்றேன்.

"ஹெலிகாப்டர் தெரியும் இல்லையா? அதுல வர்ற 'ப்டெர்'னா கிரேக்க பாஷையில இறகு. பூச்சி வகை பேர் நிறைய அப்படித்தான் முடியுது. டிப்டெரான்னா ரெண்டு இறகு. படத்துல ரெண்டு இறகு இருந்ததுக்கெல்லாம் அதையே எழுதினேன். ஈ, கொசு எல்லாம் மாட்டிக்கிச்சு." இங்கிலீஷில்தான் சொன்னான். ஆனால் இந்தத் தொனியில்தான்.

சாயந்திரம் ரிசல்ட். 'எழுது, செய்' இரண்டாவது இடம். அக்கா பெண் மேடையேறி மெடல் வாங்கினாள், அத்திம்பேர் விசிலடித்தார். பூச்சியியல், பதினாலாவது. அதற்கு மேடையும் கிடையாது, மெடலும் கிடையாது.

அன்றைக்கு மாநிலப் போட்டிக்குப் போகிற டீம்கள் ஆறு. இவர்கள் கூட்டுத்தொகை 162, ஆறாவது இடம். ஏழாவது வந்த டீமுக்கு 166. கோச் அம்மாள் பேப்பரில் எதையோ கழித்துக் கூட்டிப் பார்த்தார். அவன் போகாமலிருந்தால் 14-க்குப் பதில் 21. மொத்தம் 169. எழுந்து நேரே அவனிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

காரில் வரும்போது மாம்பலத்துக்கு போன் போட்டாள் அக்கா பெண். அங்கே விடியற்காலை நாலரை. தாத்தா எழுந்து ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தார்.

"செலக்ட் ஆயிட்டோம் தாத்தா! நூத்து அறுபத்திரண்டு!"

ஸ்பீக்கரில் தாத்தாவின் குரல் கணீரென்று கேட்டது.

"பேஷ்! எத்தனைக்கு?"