காக்கியும் கரும்பலகையும் – 7: உடைந்த ஜன்னல் பேராசிரியர்

சென்ற வாரம் பார்த்த ஆகஸ்ட் வோல்மர், பெர்க்லி நகரப் போலீஸ் தலைவராக இருந்து பேராசிரியர் ஆனவர். இந்த வார ஆசாமி ஒரு நாளும் போலீஸ் வேலை பார்த்ததில்லை. பாதிரியாராகும் எண்ணத்தில் இறையியல் படிக்கப் போய், இரண்டு ஆண்டில் விலகி, நன்னடத்தை அலுவலரானவர். பெயர் ஜார்ஜ் கெல்லிங். 1935-இல் மில்வாக்கியில் பிறந்தவர்.

அவர் பெயர் முதலில் அடிபட்டது கன்சாஸ் சிட்டியில் நடத்திய ஆய்வால். 1972 அக்டோபரில் அந்த நகரின் 15 பீட்டுகளை, அதாவது ரோந்துப் பகுதிகளை, மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்து. ஐந்தில் இரண்டு, மூன்று மடங்கு ரோந்து. மீதி ஐந்தில் ரோந்தே கிடையாது. யாராவது கூப்பிட்டால் மட்டும் போலீஸ் வரும். ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தால் குற்றத்திலும் வித்தியாசமில்லை, ஜனங்களின் பயத்திலும் வித்தியாசமில்லை. ரோந்து கூடியதும் குறைந்ததும் அவர்கள் கண்ணிலேயே படவில்லை! காருக்கும் பெட்ரோலுக்கும் கொட்டிய பணம் எதற்கு என்று போலீஸ் தலைவர்கள் நெளிந்தார்கள்.

அடுத்து நியூவார்க். இங்கே போலீஸ்காரர்களைக் காரிலிருந்து இறக்கி நடக்கவிட்டார்கள். கெல்லிங்கும் இரவெல்லாம் கூடவே நடந்தார். அவர் கண்டது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். குடிகாரர் வாசற்படியில் உட்காரலாம், படுக்கக் கூடாது. சந்தில் குடிக்கலாம், நாற்சந்தியில் கூடாது. பாட்டில் காகிதப் பைக்குள் இருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நிற்பவரிடம் பிச்சை கேட்கவே கூடாது. இந்த ஏற்பாட்டால் குற்றம் குறைந்ததா? இல்லை. ஆனால் குடியிருப்போர் நிம்மதியாக உணர்ந்தார்கள். குற்றம் குறைந்துவிட்டதாகவே நம்பினார்கள்.

இந்த அனுபவத்தை வைத்து, அரசியல் அறிஞர் ஜேம்ஸ் க்யூ. வில்சனோடு சேர்ந்து 1982 மார்ச் ‘அட்லாண்டிக்’ இதழில் எழுதியதுதான் ‘உடைந்த ஜன்னல்கள்’. உடைந்த ஒரு ஜன்னலை அப்படியே விட்டால் மற்ற ஜன்னல்களும் உடையும். சின்ன ஒழுங்கீனத்தைக் கண்டுகொள்ளாவிட்டால் பெரிய குற்றம் வந்து குடியேறும் என்பது வாதம். கன்சாஸ் சிட்டியில் ஓராண்டு பாடுபட்ட ஆய்வைத் துறைக்காரர்கள் மட்டும் பேசினார்கள். ஓர் உவமையை உலகமே பிடித்துக்கொண்டது.

நியூயார்க் சுரங்க ரயிலுக்கு கெல்லிங் ஆலோசகரானார். 1990-இல் அங்கே போலீஸ் தலைவராக வந்த வில்லியம் பிராட்டன், டிக்கெட் எடுக்காமல் தாவுகிறவர்களைப் பிடித்து விலங்கு மாட்டினார். 1994-இல் நகரம் முழுவதற்கும் அவரே போலீஸ் கமிஷனர். குற்றம் சரிந்தது உண்மை. இந்த வைத்தியம் பார்க்காத பல ஊர்களிலும் சரிந்தது என்பதும் உண்மை. 2011-இல் நியூயார்க் போலீஸ் தெருவில் ஆட்களை நிறுத்தி விசாரித்த எண்ணிக்கை 6,85,000-க்கும் மேல். பெரும்பாலோர் கறுப்பரும் லத்தீன் இனத்தவரும். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் மீது வழக்கே இல்லை. 2013-இல் நீதிமன்றம் அந்த நடைமுறை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது.

நான் சொன்னது இதுவல்ல என்று கெல்லிங் கடைசிவரை வாதாடினார். அதில் நியாயம் உண்டு. நியூவார்க்கில் அவர் பார்த்தது பேச்சுவார்த்தை, கைது அல்ல. ஆனால் முழுப் பழியும் போலீஸ் மீதல்ல. போலீஸ் அக்கம்பக்கத்தாரின் துவேஷத்துக்குக் கருவியாகாமல் தடுப்பது எப்படி என்று 1982 கட்டுரையே கேட்கிறது. முழுத் திருப்தியான பதில் தங்களிடம் இல்லையென்றும் ஒப்புக்கொள்கிறது. பதில் இல்லாத மருந்தைக் கடைக்கு அனுப்பியிருக்கக் கூடாது.

பிற்காலத்தில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் நீதிப் பேராசிரியராக இருந்தார். வளாகம் இருந்தது அதே நியூவார்க்கில். 2019 மே மாதம், 83-ஆம் வயதில் காலமானார்.

(அடுத்த வாரம்: ஹெர்மன் கோல்ட்ஸ்டைன்)