திருமண ஓலைக்கு முன் ஒரு துளி இரத்தம்

1904ஆம் ஆண்டின் இறுதியில், கிரெனடா தீவிலிருந்து அமெரிக்காவின் சிகாகோ நகருக்குப் பல் மருத்துவம் படிக்க வந்த மாணவர் ஒருவர், இருமலும் மூச்சுத் திணறலுமாக மருத்துவமனைக்குச் சென்றார். அவருடைய இரத்தத்தில் வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் பல, அரிவாள்போல் வளைந்திருந்தன. மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் இதை எழுதி வெளியிட்டார். சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் அணு இரத்தச் சோகை மேலை மருத்துவ நூல்களில் இடம்பெற்றது இப்படித்தான்.

இந்நோய்க்கான பரிசோதனை இன்று மாணவர் வாழ்வோடு கலந்துவிட்ட நாடு நைஜீரியா. அங்கே பல பல்கலைக்கழகங்களில் சேரும்போது நடக்கும் மருத்துவச் சோதனையில் 'ஜீனோடைப்' என்ன என்பதும் பார்க்கப்படுகிறது. ஏ.ஏ. என்றால் இயல்பான நிலை. எஸ்.எஸ். என்றால் நோய். ஏ.எஸ். என்றால், தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்திருக்கிறது என்று பொருள். நைஜீரியரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் ஏ.எஸ்.

ஏ.எஸ். என்பது நோயன்று என்பதை நாம் முதலில் தெளிவாக அறிய வேண்டும். அது பின்னாளில் நோயாக மாறுவதும் இல்லை. கொடிய மலேரியாவிலிருந்து அது ஓரளவு காக்கிறது என்று 1954இல் அந்தோனி அலிசன் கண்டறிந்தார். மலேரியா மிகுந்த நாடுகளில் இம்மரபணு பரவியிருப்பதன் காரணமும் இதுவே.

ஆனால் ஏ.எஸ். உள்ள இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. "மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூவருக்கு வராது" என்று எண்ணுவது தவறு. ஒவ்வொரு கருவிலும் அதே கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

நைஜீரியாவின் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் திருமணத் தயாரிப்பின்போதும் இச்சோதனை முடிவைக் கேட்கிறார்கள். நல்ல வழக்கமே. ஆனால் பல ஆண்டுகள் பழகி, இரு வீட்டாரும் பேசி முடித்து, நாளும் குறித்தபின் "இருவரும் ஏ.எஸ்." என்று தெரியவந்தால் அந்த இளையோர் என்ன செய்வார்கள்? பிரிவதும் வேதனை, சேர்வதும் அச்சம். ஆகவேதான் மனம் ஒருவரை நாடும் முன்னரே, மாணவப் பருவத்திலேயே அறிந்துகொள்வது நல்லது.

திருச்சபைச் சட்டத்தில் இது திருமணத் தடை அன்று. முடிவு அந்த இருவருடையது. முடிவெடுக்க அவர்களுக்கு உண்மை தெரிய வேண்டும். பொறுமையாக விளக்கிச் சொல்பவரும் வேண்டும். சோதனை முடிவு ஊர்ப்பேச்சாகிவிடக் கூடாது. சாதாரண விரைவுச் சோதனை ஏ.எஸ்.ஸையும் எஸ்.எஸ்.ஸையும் பிரித்துக் காட்டாது. எனவே எலக்ட்ரோஃபோரசிஸ் போன்ற சோதனையால் உறுதி செய்துகொள்வது அவசியம்.

இது தொலைநாட்டுச் செய்தி என்று நாம் விட்டுவிடலாகாது. நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இம்மரபணு இருப்பது 1952இலேயே கண்டறியப்பட்டது. 2023 ஜூலையில் நடுவண் அரசு, 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. நம் இளையோருக்கும் இக்கேள்வி வரும். அப்போது பெண்ணைக் குறை சொல்லவோ குடும்பத்தை ஒதுக்கவோ நாம் துணியலாமா?

நோயோடு பிறந்த பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. பிறந்தவுடன் கண்டறிந்து, பென்சிலின், ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்துகளை உரிய வயதில் கொடுத்தால் அவர்கள் வளர்ந்து படிக்கிறார்கள், பணிக்குச் செல்கிறார்கள். சிகாகோவுக்கு வந்த அந்த மாணவரும் படிப்பை முடித்து, தம் தீவுக்குத் திரும்பிப் பல் மருத்துவராகப் பணியாற்றினார். இரத்தத்தைச் சோதிப்போம், ஆனால் அதைக் கொண்டு மனிதரை எடைபோடாதிருப்போம்.