ஆட்டு ரோமம் கம்பளி நூலாவது எப்படி?

பொங்கல் விழா முடிந்து, சாப்பாட்டுப் பந்தியும் எழுந்த பிறகு, ஹாலுக்கு வெளியே வெயில் விழும் இடமாகப் பார்த்து நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு சிலர் உட்கார்ந்திருந்தோம். லூதியானாவில் ஜனவரி வெயிலை யாரும் வீணாக்குவதில்லை. பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு ஸ்வெட்டரில் வந்து நின்றது. சகோதரி ஒருவர், நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கணவரின் ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் வெந்நீர் வைத்துத் துவைத்ததாகவும், வெளியே எடுத்தபோது அது பத்து வயதுப் பையனுக்குத்தான் சரியாக இருந்தது என்றும் சொன்னார். "அசல் உல் என்று சொல்லிக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று அவருக்கு ஒரே வருத்தம்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை என்றேன். அசல் கம்பளியாக இருந்ததால்தான் அது சுருங்கியது. அந்தச் சகோதரி நம்பியதாகத் தெரியவில்லை. ஆகவே விவரமாக எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 1984 டிசம்பரில் நான் பிகானீரில் வேலையில் இருந்தேன். அப்பா காலமானபின், கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மாவை அழைத்து வந்திருந்தேன். அவளுக்கு அதுதான் முதல் வடநாட்டுக் குளிர். அந்த மாதச் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கைக் கொடுத்து மெரூன் நிறத்தில் ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கினேன். பதினைந்து நாள் போட்டுக்கொண்டாள். பிறகு, ஊரில் எல்லாத் துணிக்கும் செய்கிற மாதிரி, வெந்நீர் வைத்து, பார் சோப்பைப் போட்டுத் தேய்த்து, கல்லில் நாலு அடி அடித்துக் காயப்போட்டுவிட்டாள். ஸ்வெட்டர் பாதியாகிவிட்டது. நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க என் பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு கழித்தாள்.

அது ஏன் நடந்தது என்பது, நாற்பது வருஷம் கழித்து 2024 நவம்பரில் இங்கே ஒரு உல்லன் மில்லைச் சுற்றிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. பழைய சக ஊழியர் ஒருவரின் மகன் அங்கே வேலை பார்க்கிறார். அவர் தயவில் உள்ளே போனேன். சுற்றிக் காட்டியவர் தலை நரைத்த ஒரு சர்தார்ஜி ஃபோர்மன். அவர் முதலில் காட்டியது எந்த மெஷினையும் அல்ல. ஒரே ஒரு ரோம இழையை எடுத்து என் விரல்களுக்கு இடையே வைத்து, நுனியிலிருந்து அடி நோக்கி உருவச் சொன்னார். பிறகு அடியிலிருந்து நுனிக்கு. ஒரு பக்கம் வழுக்குகிறது, மறுபக்கம் லேசாகப் பிடிக்கிறது.

ஆட்டு ரோமத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பது போல, எல்லாம் நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. ஈரமும் சூடும் சோப்பும் சேர்ந்தால் செதில்கள் சற்று எழும்பும், இழையும் நெகிழும். அந்த நிலையில் கசக்கினால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நகரும். ஒரு திசையில் நகர முடியும், திரும்பி வர முடியாது. ஜாக்கியில் உள்ள ராட்செட் பல் எப்படியோ அப்படி. ஒவ்வொரு கசக்கலிலும் துணி ஒரு பல் இறுகும். பருத்தி இழையில் இந்தச் செதில் கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பருத்தியைத் துவைத்துப் பழகிய கைக்கு இது எப்படித் தெரியும்?

இந்த ஒரு குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், மில்லில் நடக்கும் அத்தனை வேலையும் புரிந்துவிடும்.

ரோமம் பேல் பேலாக வருகிறது. நான் பார்த்தவை ஆஸ்திரேலிய மெரினோ. ஒவ்வொன்றும் சுமார் 170, 180 கிலோ. பிகானீர் மண்டி கம்பளிக்குப் பேர் போனதாயிற்றே, ஏன் அங்கிருந்து எடுப்பதில்லை என்று கேட்டேன். கம்பளியின் தரம் இழையின் பருமனில் இருக்கிறது. அதை மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காக அளக்கிறார்கள். மெரினோ 20 மைக்ரானை ஒட்டி இருக்கும். ராஜஸ்தானத்து மக்ரா, நாலி போன்ற ஆடுகளின் ரோமம் 30 மைக்ரானைத் தாண்டும். ஜமுக்காளத்தைவிடக் கனமான கார்ப்பெட்டுக்கு அது அருமையான சரக்கு. கழுத்தில் பட்டால் குத்தும். நல்ல உடுப்புக் கம்பளிக்கு நம் நாடு பெரும்பாலும் ஆஸ்திரேலியாவை நம்பி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பேலைப் பிரித்தால் வருகிற வாடையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். ரோமத்தோடு மண், ஆட்டின் வேர்வை உப்பு, மெழுகு போன்ற ஒரு கொழுப்பு, நம் வேட்டி ஓரத்தில் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரி முள்விதைகள் எல்லாம் இருக்கும். நூறு கிலோ மெரினோவைக் கழுவினால் அறுபது முதல் எழுபது கிலோவரைதான் சுத்த ரோமம் தேறும்.

கழுவும் இடத்தில் வரிசையாகப் பெரிய தொட்டிகள். முதல் தொட்டிகளில் ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் சோப்புத் தண்ணீர், கடைசியில் வெறும் தண்ணீர். அந்தக் கொழுப்பு 40 டிகிரி வாக்கில்தான் உருகும், அதனால் சூடு வேண்டும். சூடும் சோப்பும் இருக்கிறதே, சுருங்காதா? இங்கேதான் சாமர்த்தியம். ரோமத்தை யாரும் கசக்குவதில்லை. பல் வைத்த சட்டங்கள் அதை மிக மெதுவாக முன்னே தள்ளுகின்றன. ஒவ்வொரு தொட்டியின் முடிவிலும் இரண்டு உருளைகள் பிழிந்து அடுத்ததற்கு அனுப்புகின்றன, முறுக்குவதே இல்லை. "கிளறினால் தொட்டியிலேயே கம்பளம் ஆகிவிடும்" என்றார் சர்தார்ஜி. தண்ணீர் பின்னாலிருந்து முன்னால் வருகிறது, ரோமம் முன்னாலிருந்து பின்னால் போகிறது. அழுக்குத் தண்ணீர் அழுக்கு ரோமத்தையும், நல்ல தண்ணீர் நல்ல ரோமத்தையும் சந்திக்கும்.

கழுவிய தண்ணீரைச் சுழற்றி, பாலில் வெண்ணெய் பிரிப்பது போல அந்தக் கொழுப்பைத் தனியே எடுக்கலாம். அதுதான் லானோலின். உதட்டுக்கும் பாதத்துக்கும் நாம் தடவுகிற கிரீம் பலவற்றில் இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்காமல் தடவும் பூச்சுகளிலும் சேர்கிறது. டாக்டர் எழுதித் தருகிற வைட்டமின் டி மாத்திரையில் பெரும்பாலானவற்றுக்கும் மூலப்பொருள் இதுவே.

முள்விதை அதிகமாக இருந்தால் நீர்த்த கந்தக அமிலத்தில் நனைத்துச் சூட்டில் உலர்த்துவதும் உண்டு. தாவரப் பொருள் கருகிப் பொடியாகிவிடும், ரோமம் தாங்கிக்கொள்ளும். பிறகு சோடா போட்டு அமிலத்தை முறிக்கிறார்கள்.

அடுத்தது கார்டிங். கிட்டத்தட்ட என் உயரத்துக்கு ஒரு பெரிய உருளை, அதைச் சுற்றிலும் சின்ன உருளைகள், எல்லாவற்றின் மேலும் நெருக்கமாகக் கம்பிப் பற்கள். கட்டியாக நுழைகிற ரோமம் இழை இழையாகப் பிரிந்து, சிலந்தி வலை போன்ற ஒரு திரையாக வெளியே வருகிறது. இதற்கு முன்னால் கொஞ்சம் எண்ணெய் தெளிக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கொழுப்பை எடுத்துவிட்டு மறுபடி எண்ணெயா என்று கேட்டால், ஆட்டின் கொழுப்பு அழுக்கோடு போயாக வேண்டும், ஆனால் காய்ந்த ரோமம் பற்களில் அறுந்துவிடும் என்றார்கள்.

இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. அந்தத் திரையை அப்படியே நாடா நாடாகக் கிழித்து உருட்டி நூற்றுவிட்டால் அது உல்லன் நூல். இழைகள் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு, புசுபுசுவென்று இருக்கும். கம்பளிப் போர்வை, ட்வீட் கோட்டு எல்லாம் இந்த ஜாதி. பானிப்பட்டில் பழைய கம்பளித் துணிகளை நிறவாரியாகப் பிரித்துக் கிழித்து மீண்டும் நூற்பதும் இந்த வழியில்தான். இரண்டாவது பாதை ஓர்ஸ்டெட். இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. சூட்டுத் துணியும் வழவழப்பான ஸ்வெட்டர் நூலும் இந்தப் பாதையில் வருபவை. வேலை அதிகம், விலையும் அதிகம்.

ஓர்ஸ்டெட் நூலுக்கு, கார்டிங்கில் வந்த திரையைக் கைப்பருமன் வடமாகத் திரட்டுகிறார்கள். மில்காரர்கள் இதை ஸ்லைவர் என்பார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எட்டு ஸ்லைவரைச் சேர்த்து ஒரு ஜோடி உருளைகளுக்குள் விடுகிறார்கள். முன்னால் உள்ள ஜோடி அதைவிட எட்டு மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. எட்டு இழுபட்டு ஒன்றாகிறது, ஆனால் பருமன் பழைய ஒன்றின் அளவுதான். லாபம் என்ன? ஒன்றில் மெலிந்த இடமும் இன்னொன்றில் தடித்த இடமும் சேர்ந்து சமமாகிவிடும். மூன்று முறை இப்படிச் செய்தால் எட்டெட்டு அறுபத்து நாலு, மறுபடி எட்டால் பெருக்க ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஸ்லைவரின் சராசரியாக ஒன்று! ஒரே ஒரு கியர் விகிதத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய காரியம் நடக்கிறதே என்று நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கூட வந்த பையனுக்குப் பொறுமை போய்விட்டது.

பிறகு கோம்பிங். சிறுமிக்குத் தலை வாருகிற தாய் பின்னலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் சீவுவாள். அதேபோல மெஷின் இழைகளின் ஒரு நுனியைக் கவ்விக்கொண்டு மறுநுனியை ஊசிகளால் சீவுகிறது. குட்டை இழைகள் கழிந்துபோய் நீள இழைகள் மட்டும் ஒரே திசையில் படிகின்றன. கழிகிற குட்டை ரோமமும் வீணாவதில்லை, உல்லன் பாதைக்குப் போய்விடும்.

ஸ்பின்னிங் பகுதிக்குள் நுழைந்ததும் சென்னையில் ரயிலை விட்டு இறங்கிய மாதிரி இருந்தது. அவ்வளவு புழுக்கம்! காற்று காய்ந்தால் ரோமத்தில் மின்னேற்றம் உண்டாகி இழைகள் ஒன்றையொன்று விலக்கிச் சிலிர்த்துக்கொள்ளும். அதற்காகவே ஈரப்பதத்தை உயர்த்தி வைத்திருக்கிறார்கள்.

இங்கே ரோமத்தை மேலும் மெல்லியதாக இழுத்து முறுக்கேற்றிச் சுற்றுகிறார்கள். கதிர் நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைச் சுற்றி ஓர் எஃகு வளையம். வளையத்தின் மேல் நகத்தைவிடச் சிறிய ஒரு கொக்கி, பெயர் டிராவலர். அதற்கு மோட்டார் கிடையாது, நூல்தான் அதை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆகவே கதிரைவிடச் சற்றுப் பின்தங்குகிறது. எட்டாயிரத்தில் ஒரு நூற்றைம்பது, இருநூறு சுற்றுக் குறையும். டிராவலர் ஒரு சுற்றுச் சுற்றினால் நூலில் ஒரு முறுக்கு ஏறுகிறது. பின்தங்குகிற ஒவ்வொரு சுற்றுக்கும் கதிரில் நூல் ஒரு சுற்று ஏறுகிறது. முறுக்குவது, சுற்றுவது என்ற இரண்டு வேலையையும் ஒரு சின்னக் கொக்கியின் தாமதம் செய்து முடிக்கிறது. ரயில்வேயில் தாமதத்தால் நல்லது நடந்து நான் பார்த்ததில்லை.

இப்படி வந்த ஒற்றை நூல் இரண்டைச் சேர்த்து எதிர்ப்புறமாக முறுக்கினால்தான் பின்னல் நூல். நீராவியில் வைத்து முறுக்கைப் படிய வைத்து, கோனில் சுற்றுகிறார்கள். கடையில் 2/32 என்று லேபிள் பார்த்திருப்பீர்கள். ஒரு கிலோவுக்கு 32 கிலோமீட்டர் வருகிற நூல் இரண்டு சேர்ந்தது என்று பொருள். அதாவது ஒரு கிலோவில் 16 கிலோமீட்டர். இங்கிருந்து சட்லஜ் பாலம் தாண்டி பில்லோர் ஸ்டேஷனைத் தொட்டுவிடலாம்.

என் தொழிலுக்கும் இந்த நூலுக்கும் பழைய உறவு உண்டு. நீராவி எஞ்சினில் பேரிங்குக்கு மேலே எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். அதில் ஓர்ஸ்டெட் நூல் திரியைச் செருகிவிட்டால் விளக்குத் திரி போல எண்ணெயை உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாக இறக்கும். பயிற்சிக் காலத்தில் அந்தத் திரி கட்டுவதற்கே எனக்கு ஒரு வாரம் பாடம் நடந்தது. எண்ணெயில் ஊறிய பருத்தி அமுங்கிக் கட்டியாகிவிடும். கம்பளி இழையில் இயற்கையாகவே சுருள் இருப்பதால் மறுபடி எழும்பி நிற்கும். அந்தச் சுருளுக்குள் அடைபடுகிற காற்றுதான் நமக்கும் கதகதப்பைத் தருகிறது.

பழைய குடும்பங்கள் பலவற்றில் இன்னும் லால் இம்லி, தாரிவால் போர்வைகள் பெட்டியில் இருக்கும். கான்பூர் மில் 1876லும் தாரிவால் மில் 1880லும் தொடங்கியவை, 1981ல் அரசு வசமாயின. இரண்டிலும் இப்போது ஓட்டமில்லை. வைத்திருப்பவர்கள் பாச்சை உருண்டை போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

இனி அந்தச் சகோதரிக்கு. ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஸ்வெட்டர் பெரும்பாலும் அக்ரிலிக். அதில் செதில் இல்லை, சுருங்காது. சந்தேகம் இருந்தால் உள்மடிப்பிலிருந்து ஒரே ஒரு இழையை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். தலைமுடி கருகுகிற நாற்றம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் அக்ரிலிக். சூப்பர்வாஷ் என்று போட்டிருக்கிற கம்பளியில் செதில்களை மழுக்கி மேலே ஒரு மெல்லிய பூச்சுக் கொடுத்திருப்பார்கள், அதை மெஷினில் போடலாம். மற்றதைப் பச்சைத் தண்ணீர் அல்லது கை பொறுக்கிற வெதுவெதுப்பில், கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பில் முக்கி வையுங்கள். தேய்க்க வேண்டாம், முறுக்க வேண்டாம். துண்டில் வைத்து அமுக்கி, கொடியில் தொங்கவிடாமல் கட்டிலில் பரப்பி உலர்த்துங்கள்.

ஏற்கெனவே சுருங்கியதை நீட்ட வழி உண்டா என்று சர்தார்ஜியிடம் கேட்டேன். ராட்செட் பின்னால் வராது என்று சிரித்தார். ஆனால் இழைகள் இறுகிவிட்டதால் அந்தத் துணி முன்னைவிடக் காற்றை நன்றாகத் தடுக்கும், குழந்தைக்குப் போடுங்கள் என்றார். அம்மா யாரையும் கேட்காமல் அதைத்தான் செய்தாள். அந்த மெரூன் ஸ்வெட்டரைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கலாசியின் நாலு வயதுப் பையனுக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டு குளிர்காலம் அவன் அதைப் போட்டுக்கொண்டுதான் எங்கள் வாசலில் விளையாடினான்.