பித்தளைக் குழாயும் "மிலிட்டரி" முத்திரையும்: பழைய ஸ்கோப் அசல்தானான்னு எப்படிப் பார்ப்பது?

திலகர் திடல் ஞாயித்துக்கிழமை சந்தையில பழைய ஸ்பானர், டிரில் பிட், மிக்ஸி மோட்டாருக்கு நடுவுல எப்பவாவது ஒரு பித்தளைக் குழாய் தலைகாட்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல அதே சாமான் கண்ணாடி அலமாரிக்குள்ள இருக்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி. விசாரிச்சா ஒரே பதில்தான்: "வெள்ளக்காரன் காலத்து மிலிட்டரி சாமான் தம்பி. துப்பாக்கி மேல மாட்டுறது."

இழுத்து நீட்டுற குழாய்னா அது துப்பாக்கி மேல மாட்டுறது இல்ல. சுடும்போது வர்ற உதைப்புல அது தானா மடங்கிடும். ரைஃபிள் ஸ்கோப் ஒரே நீளமான, இறுகின குழாய். மேல ஒரு டிரம், பக்கவாட்டுல ஒரு டிரம், அடியில மாட்டுற பிராக்கெட். பிரிட்டிஷ் படை ரெண்டையும் வச்சிருந்தது. குறி பார்த்துச் சுடுற ஆள் தொலைவுல தேடுறதுக்கு 'ஸ்கவுட் ரெஜிமென்ட்'னு ஒரு மூணு மடிப்புக் கைத் தொலைநோக்கி, சுடுறதுக்கு ரைஃபிள் மேல 'நம்பர் 32' ஸ்கோப். இந்தியப் படையிலயும் புழங்கிய நம்பர் 4 (டி) ரைஃபிள்ல இருந்தது இந்த 32தான். முதல்ல இதை பிரென் மெஷின் கன்னுக்காகத்தான் யோசிச்சாங்க. அதனாலதான் கையில எடுத்தா அவ்வளவு கனம்.

நம்பர் 32-ல தேட வேண்டியது மினுமினுப்பை இல்ல, எண்களை. குழாய் மேல மார்க் 1, 2, 3-னு எது எழுதியிருக்கோ அதுக்குப் பொருத்தமான ஓ.எஸ். எண் இருக்கணும்: மார்க் 1-க்கு 466 ஏ, மார்க் 2-க்கு 1650 ஏ, மார்க் 3-க்கு 2039 ஏ. அடுத்து ஜோடிப் பொருத்தம். ஒவ்வொரு ஸ்கோப்பும் ஒரே ஒரு ரைஃபிளுக்குன்னு சரிபார்த்து மாட்டப்பட்டது. ரைஃபிளோட எண்ணை பிராக்கெட்ல அடிச்சாங்க. ஸ்கோப்போட எண்ணை ரைஃபிள் கட்டையோட கழுத்துல அடிச்சாங்க. ரைஃபிள் இல்லாம ஸ்கோப் மட்டும் கிடைச்சாலும் பிராக்கெட்ல ஒரு எண் இருக்கணும். அந்த இடம் மட்டும் அரம் போட்ட மாதிரி வழவழன்னு இருந்தா, யாரோ எதையோ அழிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

தூரத்துக்கான டிரம்ல 1000 கஜம் வரைக்கும் அளவு இருக்கும். சில ஸ்கோப்ல மீட்டர் அளவு இருக்கும். உடனே போலின்னு தூக்கிப் போடாதீங்க. 1970 வாக்குல 7.62 மி.மீ. ரைஃபிளுக்காக மார்க் 3-ஐ மாத்தி எல்1ஏ1-னு பேர் வச்சாங்க, அதுல மீட்டர்தான். ஆனா 'மார்க் 1'-னு எழுதிட்டு மீட்டர் அளவு காட்டினா, ரெண்டு உடம்பை ஒட்ட வச்ச கேஸ்.

முத்திரைகளுக்கும் ஒரு இலக்கணம் உண்டு. மேல்நோக்கிய அகல அம்பு பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கான அடையாளம். அம்போட 'ஐ' எழுத்து சேர்ந்தா இந்திய அரசு, 'சி'-க்குள்ள அம்பு இருந்தா கனடா. ரெண்டு அம்பு முனையோட முனை முட்டிக்கிட்டு நின்னா, படையிலிருந்து கழிச்சு வித்த சரக்கு. இந்த அம்பைப் போடுறது கஷ்டமே இல்ல, எந்தப் பட்டறையிலயும் அரை நிமிஷ வேலை. அதனால அம்பு இருக்குங்கிறது சாட்சி ஆகாது. அது எப்படிப் பதிஞ்சிருக்குங்கிறதுதான் சாட்சி. பஞ்ச் வச்சு சுத்தியலால அடிச்சா உலோகம் ஒதுங்கி ஓரத்துல மேடு தட்டும், நகத்தால தடவினாலே தெரியும். ஆசிட்ல அரிச்ச எழுத்து ஆழமில்லாம, ஓரம் மொழுக்கையா இருக்கும். லேசர் எழுத்து எல்லா இடத்துலயும் ஒரே ஆழத்துல இருக்கும். மொபைல் கேமராவை மேக்ரோவுல போட்டு, வெளிச்சத்தைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க.

சரி, இந்தப் பித்தளை நகல்கள் எங்கிருந்து வருது? நிறைய நம்ம நாட்டுலயேதான் பொறக்குது, முக்கியமா ரூர்க்கியில. 1847-ல இன்ஜினியரிங் காலேஜ் தொடங்கின அதே ஊர். சர்வே கருவிகளும் டிராயிங் கருவிகளும் செஞ்சு பழகின கைகள் அங்க பரம்பரையா இருக்கு. அலங்காரப் பொருள்னு சொல்லி வித்தா அதுல ஒரு தப்பும் இல்ல, வேலைப்பாடு நல்லாவே இருக்கும். நாலு கை மாறி 'மிலிட்டரி'னு பேர் வாங்கும்போதுதான் வம்பு. எனக்குப் பிடிச்ச நகல், 'விக்டோரியன் மரைன் டெலஸ்கோப், லண்டன் 1915'னு எழுதி உலகம் பூரா விக்கிற ரகம். விக்டோரியா மகாராணி செத்தது 1901-ல!

இனி நம்ம லேப் வேலை. இதைத்தான் எந்த வியாபாரியோட பேச்சையும் விட நான் நம்புவேன்.

முதல்ல டார்ச். முன் லென்ஸ் மேல சாய்வா வெளிச்சம் அடிச்சு எத்தனை பிரதிபலிப்பு தெரியுதுன்னு எண்ணுங்க. ஒத்தை லென்ஸ்னா ரெண்டு. ரெண்டு கண்ணாடி ஒட்டின அக்ரோமேட்னா மூணு, அதுல ஒண்ணு மங்கலா இருக்கும். ராணுவத் தரத் தொலைநோக்கியில ஒத்தை லென்ஸ் போட மாட்டாங்க. டார்ச் இல்லையா? கோபுரக் கலசத்தோட விளிம்பை வானப் பின்னணியில பாருங்க (சூரியன் பக்கம் திருப்பிடாதீங்க). ஊதாவும் மஞ்சளுமா பட்டையா ஓரம் கட்டினா மலிவான லென்ஸ். கண்ணாடி ஓரத்துல மஞ்சள் திட்டோ இறகு மாதிரி பூத்த கறையோ இருந்தா வருத்தப்பட வேண்டாம். அந்தக் காலத்துல ஒட்டப் பயன்பட்ட கனடா பால்சம் பிசின் முதுமையில அப்படித்தான் ஆகும்.

பிரதிபலிப்பு நீலமாவோ ஊதாவாவோ தெரிஞ்சா லென்ஸ்ல பூச்சு இருக்குன்னு அர்த்தம். அந்தப் பூச்சுக்கு ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியில ஸ்மாகுலா காப்புரிமை வாங்கினது 1935-ல. அப்போ '1915'னு எழுதின குழாய்ல பூச்சு போட்ட லென்ஸ் எப்படி வந்துச்சு? ஒண்ணு பின்னால மாத்தியிருக்கணும், இல்ல எழுத்து பொய். கூட்டல் குறி போட்ட ஸ்டார் ஸ்க்ரூவுக்கும் இதே கேள்விதான்: பிலிப்ஸ் காப்புரிமை 1936.

பெருக்கத்தையும் அளந்துடலாம். ஸ்கோப்பை வெளிச்சமான வானத்துக்கு நேரா நீட்டி, கண் வைக்கிற பக்கத்துல ஒரு அடி தள்ளி நின்னா சின்ன ஒளிவட்டம் மிதக்கும். முன் லென்ஸோட விட்டத்தை அந்த வட்டத்தோட விட்டத்தால வகுத்தா பெருக்கம் வந்துடும். நம்பர் 32-க்கு முன் லென்ஸ் 19 மி.மீ., பெருக்கம் சுமார் 3. ஆகவே வட்டம் 6 மி.மீ. சொச்சம் இருக்கணும். உள்ள கீழிருந்து நடு வரைக்கும் ஒரு கம்பம், குறுக்கே மெல்லிய கோடு தெரியணும்.

கடைசியா மரை. பழைய பிரிட்டிஷ் கருவிகள்ல பெரும்பாலும் பி.ஏ. மரை, கோணம் 47.5 டிகிரி; நம்ம மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. 2 பி.ஏ. ஸ்க்ரூ 4.7 மி.மீ., பிட்ச் 0.81, எம்5-க்கு 5 மி.மீ., பிட்ச் 0.8. வெர்னியர் சொல்லிடும். ஆனா 0 பி.ஏ.வும் எம்6-ம் விட்டத்துலயும் பிட்ச்லயும் ஒண்ணுதான், ரெண்டும் 6 மி.மீ., 1 மி.மீ. அங்க கோணத்தைப் பார்த்தாத்தான் கதை வெளிய வரும், அதுக்கு ப்ரொஃபைல் ப்ரொஜெக்டர் வேணும். மெட்ராலஜி லேப்ல சும்மா நிக்குதே, கேட்டுப் பாருங்க.

வாங்கினவுடனே புளி போட்டு விளக்குற பழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு. பெரியம்மா ஆசையா கேட்டாலும் கொடுக்காதீங்க. பழைய கருப்புப் பெயின்ட், எழுத்துக்குள்ள இருக்கிற அழுக்கு, தேய்மானம் எல்லாமே ஆதாரம். ஒரு தடவை போச்சுன்னா போச்சு.

ரைஃபிளோட சேர்த்து யாராவது காட்டினா அங்கேயே நில்லுங்க. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தொடக்கூடாது, .303 போர் தனியாருக்குத் தடை. ஸ்கோப் மட்டும்னாலும், காசு கொடுக்கும் முன்னால கலெக்டர் ஆபீஸ் ஆயுத லைசென்ஸ் பிரிவுல கேட்டுட்டு, பில்லோட வாங்குங்க. 100 வருஷம் தாண்டின பொருளா இருந்தா 1972 தொல்பொருள் சட்டமும் உள்ள வரும். வெளிநாட்டுல இருக்கிற மாமாவுக்கு நினைச்ச மாதிரி பார்சல் போட முடியாது. இன்னொண்ணு, பேரம் பேசும் முன்னால குழாய்ல இருக்கிற வரிசை எண்ணை நெட்ல தேடிப் பாருங்க. அதே எண் இன்னும் பத்து குழாய்ல இருந்தா டார்ச்சை எடுக்கவே வேண்டாம்.