மூத்த பெண்ணின் படிப்பை நிறுத்தலாமா?



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் பல வீடுகளில் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. "பெரிய பொண்ணும் கூட உட்கார்ந்தா இன்னும் நாலு ஜோடி ஆகுமே" என்று அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவோர் உண்டு.

இதனால் வரும் நஷ்டத்தைப் பாருங்கள். நாள் முழுக்கக் குனிந்து தைத்தால் கழுத்தும் முதுகும் வலிக்கும். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை தவறிப்போகும். வீட்டோடு இருக்கும் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சும் சீக்கிரம் வரும். 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்வது குற்றம். சிறு வயதுப் பிரசவத்தில் இரத்தசோகை, எடை குறைந்த குழந்தை, தாயின் உயிருக்கே ஆபத்து.

"செலவுக்கு எங்கே போறது?" என்பீர்கள். அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம் இலவசம்; மதிய உணவும் உண்டு. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-இல் தொடங்கியது. நடுவில் நிறுத்தினால் அந்த வாய்ப்பு கைநழுவும்.

படிப்பு நின்றுவிட்டதா? தலைமையாசிரியரைப் பாருங்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்குக் கணவன் மனைவி இருவருமே போங்கள். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

தையல் கூலி அந்த வாரமே செலவாகிவிடும். பெண்ணின் படிப்பு அவள் பிள்ளைகளுக்கும் உதவும்.